நாலு மணி பஸ்ஸும் ஒரு பி.எஸ்ஸியும்

எனக்குக் காலேஜில் இடம் கிடைத்த செய்தி முதலில் என் பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் தெரிந்து, அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் நான் போனைத் தொடமாட்டேன். அது தெரிந்த என் மகள், கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். கண்டக்டருக்கு ரகசியக் குரல் என்று ஒன்று கிடையாது. பின் படிக்கட்டிலிருந்தே, "அக்கா, உனக்குக் காலேஜுல சீட்டு கிடைச்சிருச்சு" என்று ஒரு கத்து கத்தினாள். நான் பிரேக்கை மிதித்தேன். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நல்லவேளை, அங்கே ஒரு நிறுத்தம் இருந்தது.

சாய்ந்தவர்களில் யாரும் திட்டவில்லை. ஒரு அம்மா கை தட்டினார், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். இறங்கப் போன ஒரு பெரியவர் இறங்காமல் நின்று, என்ன படிக்கப் போகிறேன் என்று விசாரித்தார். புவியியல் என்றேன். அதற்குள் பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். மற்ற நாளென்றால் தலையை வெளியே நீட்டி அவன் பரம்பரையையே விசாரித்திருப்பேன். அன்றைக்குச் சிரித்துக் கையாட்டினேன். அவன் பயந்துபோய் ஹாரனை விட்டுவிட்டான்.

வேலைக்குப் போகும் மகளைப் பெற்றவள் நான். தலையில் பாதி நரை. போன வருஷம் வரை காலேஜ் என்றால் என் ரூட்டில் வரும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். பிள்ளைகள் பையும் கையுமாக ஏறுவார்கள், இறங்குவார்கள், படிக்கட்டில் தொங்கி என் வாயில் விழுவார்கள். ஒருநாள் ஒரு பெண் மறந்துவிட்டுப் போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பாதி படித்துவிட்டேன். ஆறு எப்படித் திசை மாறுகிறது என்று அதில் படம் போட்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். விண்ணப்பம் போட்டது, நுழைவுத் தேர்வு எழுதியது எல்லாம் அந்தப் பைத்தியத்தின் வேலைதான்.

டிப்போவுக்குப் போய் மகளைக் கூப்பிட்டேன். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், எதையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் சொல்வாள். ஒரு சீட்டு இல்லை, இரண்டு என்றாள். பி.ஏ. புவியியலிலும் பெயர் வந்திருக்கிறது, பி.எஸ்ஸி. புவியியலிலும் வந்திருக்கிறது. வியாழக்கிழமை மாலைக்குள் எது வேண்டும் என்று போனிலேயே அமுக்கிவிட வேண்டும், அமுக்கிய பிறகு மாற்ற முடியாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டா? ஒன்றுக்கே எங்கள் வம்சத்தில் ஆள் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. பி.ஏ.வில் மனிதர்கள், ஊர்கள், எல்லைகள், யார் எங்கே குடியேறினார்கள், ஏன் குடியேறினார்கள் என்பது. வாரத்தில் மூன்று நாள் சாயங்கால வகுப்பு. பி.எஸ்ஸி.யில் மண், நீர், காற்று, பாறை, அதோடு கணக்கு. தினமும் மதியத்துக்கு மேல் வகுப்பு, ஆய்வகம், கருவிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நிலத்தை அளப்பது.

எனக்கு எது வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. என் ரூட்டில் ஆற்றை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அங்கே ரோடு பிளக்கும். ஆட்கள் வந்து ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, ரோலர் ஓட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மழைக்கு அதே இடம், அதே பிளவு. நாலு அடி தள்ளி ஒரு கீறல்கூட இருக்காது. ஏன் என்று அந்த ஆட்களிடம் ஒரு தடவை வண்டியை நிறுத்திக் கேட்டேன். மண் அப்படி என்றார்கள். எப்படி? அதுதானே கேள்வி. மனிதர்களைப் பற்றிப் படிப்பதும் நல்ல படிப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தினம் ஒரு பஸ் நிறைய மனிதர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எனக்கு மண் வேண்டும்.

இவ்வளவு தெளிவாக இருந்தவள் என்ன செய்தேன் தெரியுமா? ஓய்வறையில் ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டு, "எது எடுக்கப் போறே" என்று கேட்டபோது, "பி.ஏ.தான், வேற என்ன" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. பி.எஸ்ஸி. என்றால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் கோட்டை விட்டுத் திரும்ப எழுதின கதை அந்த டிப்போவில் எல்லோருக்கும் தெரியும். சொன்னதே நான்தான், அதுவும் நடித்துக் காட்டி. வாரத்துக்கு ஒருமுறை லாக்கர் சாவியைத் தொலைப்பவள், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகளோடு ஆய்வகத்தில் நிற்கப் போகிறாளாம். நானே சிரிப்பேன். ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய்க்கு, இந்த ஒரு சிரிப்பைத் தாங்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே அதற்குமேல். என் வீட்டுக்காரர் முடி திருத்துகிறவர், ஒரே நாற்காலி போட்ட சொந்தக் கடை. கண்டக்டர் வழியாக பி.ஏ. என்ற செய்தி எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலையிடமும், "எங்க வீட்டுல பி.ஏ. படிக்கப் போறாங்க" என்று சொல்லித்தான் கத்தரியை எடுத்திருக்கிறார். கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே ஓடுவார்கள்? மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த முகத்தைப் பார்த்து, "அது இல்லைங்க" என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினேன்.

மகள் மட்டும் என்னை விடவில்லை. பாடத்திட்டம் இருக்கும் பக்கத்தை அவள் என் போனில் திறந்து வைத்திருந்தாள். புதன்கிழமை ராத்திரி, நான் எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, பி.ஏ. எடுக்கப் போறவ எதுக்கு பி.எஸ்ஸி. பக்கத்தையே மூணு நாளா பாத்துக்கிட்டு இருக்கே?"

"பொழுது போகல, பாக்கறேன். உனக்கென்ன?"

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். பெற்றவள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தும் அதற்குமேல் துருவிக் கேட்காத பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். நாலு வார்த்தை சண்டை போட்டிருந்தாலாவது உண்மை வெளியே வந்திருக்கும்.

ஆனால் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அதைச் சொல்வதற்கு எங்கள் டிப்போ வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு டியூட்டி எடுக்கும் நாள் வரும். கரும்பலகையில் எல்லா டியூட்டிகளையும் டைம்கீப்பர் எழுதிப் போடுவார். சர்வீஸில் மூத்தவர் முதலில் எடுப்பார், அடுத்தவர் அப்புறம், இப்படி வரிசையாக. எடுத்ததை வாய்விட்டுச் சொன்னால் டைம்கீப்பர் அதற்கு நேரே பெயரை எழுதுவார். அடுத்தவர் எதை எடுக்க வேண்டும் என்று யாரும் கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. பலகை நிறைந்து, டைம்கீப்பர் கடைசியில் ஒரு கோடு போடுவதற்குள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம். அப்படி யாரும் மாற்றி நான் பார்த்ததில்லை. நல்ல டியூட்டியைக் கொடுத்துவிட்டுக் கெட்ட டியூட்டியை யார் வாங்குவார்கள்?

கெட்ட டியூட்டி என்றால் எங்கள் பாஷையில் நாலு மணி பஸ். ஊர் முழுக்கத் தூங்கும்போது எழுந்து வந்து வண்டியை எடுக்க வேண்டும், மதியத்தோடு முடிந்துவிடும். மொத்தம் மூன்று. சீண்டுவாரில்லாமல் கடைசி வரை கிடந்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் தலையில் விழும். எனக்குத் தேவை அதுதான். மதியம் இறங்கினால் நேராகக் காலேஜ். வரிசையில் நான் நாலாவது ஆள். எனக்கு முன்னால் மூன்று பேர், அவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நான் எழுந்து, "தூக்கம் வரமாட்டேங்குது, அதனால நாலு மணி எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் வீட்டில், "டியூட்டி அப்படி விழுந்துருச்சு, சாயங்காலத்துக்குள்ள அசந்துடுவேன், பி.எஸ்ஸி.தான் தோதுப்படும்" என்று டியூட்டியின் மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆசைப்பட்டேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே உச்சி குளிர்ந்தது.

வியாழக்கிழமை வந்தது. ஓய்வறையில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். டைம்கீப்பர் சாக்பீஸைப் பலகையில் தட்டினார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் டியூட்டி எடுக்கும் நாளில் நீதிபதி மாதிரி ஆகிவிடுவார். நாலு மணி பஸ் மூன்றும் பலகையின் அடியில் பரிதாபமாக எழுதப்பட்டிருந்தன. மேலே, எல்லோரும் வாயைப் பிளக்கும் பகல் டியூட்டி ஒன்று. காபி குடித்துவிட்டு நிதானமாக வந்து, சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். அதை யார் எடுப்பார் என்று குழந்தைக்கும் தெரியும். பெரியண்ணன்தான். எங்களில் மூத்தவர் அவர். கால் நூற்றாண்டு காத்திருந்து அந்த டியூட்டிக்கு வந்து சேர்ந்தவர்.

டைம்கீப்பர் கூப்பிட்டதும் பெரியண்ணன் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாலு மணி பஸ் என்றார்.

டைம்கீப்பரின் சாக்பீஸ் நின்றுவிட்டது. சரியாகத்தான் சொன்னாரா என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னேன், எழுதுங்கள் என்றார் பெரியண்ணன். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது, அண்ணியிடமிருந்து தப்பிக்க இருட்டோடு கிளம்புகிறார் என்று நினைத்தேன். போகட்டும், இன்னும் இரண்டு இருக்கிறதே.

இரண்டாவது ஆளுக்கு எங்கள் டிப்போவில் ஹாரன் என்று பெயர். வண்டியில் அடிப்பதைவிட வாயால் அதிகம் அடிப்பார். காலையில் அவரை எழுப்ப அவர் வீட்டில் மூன்று பேர் வேண்டும் என்பது ஊரறிந்த கதை. அந்த மனிதர் எழுந்து நின்று, கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதுபோல வெட்கப்பட்டுக்கொண்டு, "நாலு மணி" என்றார்.

இப்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றுதான் மிச்சம். மூன்றாவது ஆள் ஆமை. வேகமானியின் முள்ளைப் பாதிக்கு மேல் போகவிடாத மனிதர், பேச்சும் அப்படித்தான். அவர் எழுந்திருக்கவே ஒரு யுகம் ஆனது. வேண்டாம், வேண்டாம் என்று உள்ளுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஆமை பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பகல் டியூட்டியில் அவர் கண் ஒரு கணம் ஆசையோடு நின்றதை நான் பார்த்தேன். அப்புறம் பெருமூச்சு விட்டு, கடைசியாக இருந்த நாலு மணி பஸ்ஸையும் எடுத்துக்கொண்டார்.

என் பி.எஸ்ஸி. என் கண் முன்னால், மூன்று கிழவர்களால், சாக்பீஸால் எழுதித் தீர்க்கப்பட்டுவிட்டது.

டைம்கீப்பர் என்னைக் கூப்பிட்டார். பின்னால் திரும்பினால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முகத்திலும் பல் தெரிகிறது. கண்டக்டர் கதவோரம் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பகல் டியூட்டியை எனக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு பி.ஏ., சாயங்கால வகுப்பு, பகல் டியூட்டி கிடைத்தால்தான் நேரத்துக்குப் போக முடியும் என்று இந்த மகராசி போய்ச் சொல்லியிருக்கிறாள். இவர்கள் விட்டுக்கொடுக்காவிட்டால் பகல் டியூட்டி என் முறை வரை தங்காது. அதற்கு அதை விட்டுவிட்டு வேறு நல்லதாக எதையாவது எடுத்துக்கொண்டால் போதாதா? போதாது. என் வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள், "மூத்தவங்க எல்லாம் நல்லதா எடுத்துக்கிட்டாங்க, இவளுக்கும் சலுகை" என்று முணுமுணுத்துவிடக் கூடாதாம். அதனால் மூன்று பேரும் இருப்பதிலேயே மோசமானதை எடுத்துக்கொண்டு என் பக்கம் யாரும் விரல் நீட்டாதபடி செய்திருக்கிறார்கள். இப்படி ஒரு நல்ல மனசும் இப்படி ஒரு தப்புக் கணக்கும் எங்கள் டிப்போவைத் தவிர வேறெங்கும் சேர்ந்து இருக்காது.

அப்படியே பகல் டியூட்டி என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள். நான் பி.ஏ. படித்திருப்பேன், நன்றாகவே படித்திருப்பேன். வீட்டுக்காரர் சொன்னது சொன்னபடி நடந்திருக்கும். இத்தனை பேர் மனசை நோகடிக்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு கணம் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போது பெரியண்ணனைப் பார்த்தேன். மனிதர் சந்தோஷமாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் கை தானாகவே முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. குளிர் நேரத்தில் அந்தக் கால் அவரை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டாத ஒன்றுக்காக, கால் நூற்றாண்டுக் காத்திருப்பை இந்த மனிதர் ஒரு வார்த்தையில் கீழே வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"யாரு உங்களைக் கேட்டா?" என்று கத்தினேன். "மூணு பேரும் சேந்து என் மூணு பஸ்ஸையும் எடுத்துக்கிட்டீங்களே, நான் எப்படி காலேஜுக்குப் போறது?"

ஹாரன்கூட அடங்கிவிட்டார். பெரியண்ணன்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நீதானே பி.ஏ.ன்னு சொன்னே?"

"பொய் சொன்னேன். எனக்கு பி.எஸ்ஸி.தான் வேணும். மண்ணு படிக்கணும், கணக்கு போடணும், லேபுக்குப் போகணும். சொன்னா எல்லாரும் சிரிப்பீங்கன்னுதான் சொல்லல."

சொல்லிவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால், பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மூக்கில் தண்ணீர் ஒழுக.

அப்புறம் சிரித்தார்கள். முதலில் ஆமை, அதுவும் ஆமை வேகத்தில், தோள் மட்டும் குலுங்க. பிறகு ஹாரன், பிறகு பெஞ்சு பெஞ்சாக மொத்த அறையும். டைம்கீப்பர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் முதுகு ஆடியது. எந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் தூக்கம் கெட்டேனோ அது முழுசாக என் மேல் வந்து விழுந்தது. காது சூடானது. ஓடிவிடலாமா என்றிருந்தது. பெரியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன் படிப்பைப் பாத்துச் சிரிக்கலம்மா. நீ வாயைத் தொறக்காம இருந்திருந்தா, இந்த மூணு கிழவனும் ஆறு மாசம் இருட்டுல எந்திரிச்சு ஓடியிருப்போமே, யாருக்கும் பிரயோசனமில்லாம. அதை நெனச்சுச் சிரிக்கிறோம்."

அதைக் கேட்டதும் நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் முகம் எவ்வளவு அசிங்கமாக இருக்குமோ அவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும், பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒரே ரகளை. என் பஸ்ஸை எடுத்துக்கொள் என்று ஹாரன் கத்தினார், இல்லை என்னுடையதை எடுத்துக்கொள் என்று ஆமை வாழ்க்கையில் முதல்தடவையாக வேகமாகப் பேசினார். எவ்வளவு நேரமாக அந்த நாலு மணியை நினைத்து உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்களோ. நான் பகல் டியூட்டி என்று டைம்கீப்பரிடம் சொன்னேன். அவர் என் பெயரை எழுதிய கையோடு, பெரியண்ணனோடு மாற்றிக்கொள்கிறேன் என்றேன். மற்றவர்களும் எடுத்து முடித்துப் பலகை நிறைந்ததும், ஹாரனும் ஆமையும் தங்கள் நாலு மணியை மாற்றிக்கொள்ளப் பின்வரிசையில் ஆள் தேட ஆரம்பித்தார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றார்கள், எப்படியும் எங்கள் தலையில் விழ வேண்டியதுதானே என்று அதை வாங்கிக்கொண்டு தங்கள் டியூட்டிகளைக் கொடுத்தார்கள். டைம்கீப்பர் அழித்து அழித்து எழுதியதில் அவர் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். இப்படி ஒரு கூத்தைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே கடைசிக் கோட்டைப் போட்டார். போடும்போது எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு புன்னகை.

கண்டக்டர்தான் ஞாபகப்படுத்தினாள், காலேஜுக்கு இன்னும் பதில் போகவில்லையே என்று. போனை எடுத்தேன். இரண்டு கட்டங்கள் இருந்தன, இரண்டிலும் என் பெயர். அவ்வளவு பேரும் என்னைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். ஹாரன் என் தோளுக்கு மேலே விரலை நீட்டி, இதோ இதுதான், இதை அமுக்கு என்று வழிகாட்டினார். ஆமை, அவசரப்படாதே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படி என்றார். கண்டக்டர் தன் விரலையே கொண்டுவந்துவிட்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இதை நான்தான் அமுக்கணும்."

தள்ளி நின்றார்கள். பி.எஸ்ஸி. என்று வாய்விட்டுப் படித்தேன், அமுக்கினேன்.